சிறிய மகெல்லன் மேகத்தில் அடர்ந்த தூசு மேகங்களைத் தேட எந்த முறை?

முதுநிலை ஆய்வேட்டுக்கோ முனைவர் பட்டத்தின் முதல் ஆண்டுக்கோ பொருள் தேடும் மாணவர்களிடமிருந்து ஒரு கேள்வி வெவ்வேறு வடிவங்களில் வந்துகொண்டே இருக்கிறது. சிறிய மகெல்லன் மேகம் என்ற அண்டை விண்மீன் மண்டலத்தில், விண்மீன்கள் பிறக்கக்கூடிய அடர்ந்த, தூசு மண்டிய வாயு மேகங்களைத் தேடிப் பட்டியலிட வேண்டும். அதற்கு அல்மா தொலைநோக்கியின் கார்பன் மோனாக்சைடு தரவை எடுப்பதா, ஹெர்ஷெல் விண்வெளித் தொலைநோக்கியின் தூசுப் படங்களை எடுப்பதா, ஹபிளும் ஜேம்ஸ் வெப்பும் எடுத்த விண்மீன் படங்களில் ஒளி மங்கும் இடங்களைத் தேடுவதா? மூன்று வகைத் தரவும் பெருமளவில் பொதுவில் கிடைக்கின்றன. ஆனால் ஒரு முறையில் கிடைத்த பட்டியலை இன்னொன்றின் மீது வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. யாரோ தவறு செய்ததால் வரும் முரண்பாடு அல்ல இது. ஒவ்வொரு முறையும் வேறொரு பொருளை எடுத்து அதையே மேகம் என்று எண்ணுகிறது. ஆகவே எந்த முறை சிறந்தது என்று கேட்பதைவிட, எந்த முறையின் பிழையை உங்கள் ஆய்வுக் கேள்வி தாங்கும் என்று கேட்பதே முடிவெடுக்க உதவும்.

சிக்கல் எங்கே இருக்கிறது

அடர்ந்த மேகத்தின் நிறையில் பெரும்பகுதி மூலக்கூறு ஹைட்ரஜன். அந்த மூலக்கூறு சுழன்று ஒளி உமிழ வேண்டுமானால் முதலில் அதைத் தூண்டுவதற்கே சில நூறு கெல்வின் வெப்பம் வேண்டும். 10 முதல் 20 கெல்வின் அளவில் உறைந்து கிடக்கும் மேகத்தில் அது நடப்பதில்லை. எனவே மேகத்தில் சிறு கலப்பாக உள்ள வேறு ஏதாவது ஒன்றைப் பார்த்துத்தான் ஹைட்ரஜனைக் கணக்கிட வேண்டியிருக்கிறது. பால்வீதியில் அந்தக் கலப்புப் பொருள்கள் தாராளமாக இருப்பதால் எந்த வழியில் போனாலும் ஏறத்தாழ ஒரே விடைக்கு வந்து சேர்கிறோம்.

சிறிய மகெல்லன் மேகத்தில் அப்படி இல்லை. ஏறத்தாழ 62 கிலோபார்செக், அதாவது சுமார் 2 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள இந்தக் குறு விண்மீன் மண்டலத்தின் உலோகச்செறிவு (ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்ந்த தனிமங்களின் அளவு) சூரியனைப்போல் ஐந்தில் ஒரு பங்குதான். கார்பனும் ஆக்சிஜனும் குறைவு, தூசு அதைவிடக் குறைவு, தூசு குறைந்ததால் புற ஊதாக் கதிர் மேகங்களுக்குள் ஆழமாகப் புகுகிறது. இந்த மூன்றும் சேர்ந்துதான் எல்லா முறைகளையும் ஏதோ ஒரு பக்கம் சாய்க்கின்றன.

அளவுகோல்கள்

முறைகளை ஐந்து கேள்விகளால் எடைபோடலாம். முறை உண்மையில் எதை எண்ணுகிறது என்பது முதல் கேள்வி. எவ்வளவு சிறிய மேகத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டும் என்பது அடுத்தது; 10 பார்செக் அகலமுள்ள ஒரு மேகம் 62 கிலோபார்செக் தொலைவில் சுமார் 33 விகலை மட்டுமே அகன்று தெரியும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் தொலைநோக்கிகளின் பகுதிறன் எண்கள் உடனே பொருள் தரும். (ஒரு பாகையில் 60 கலைகள், 3,600 விகலைகள்.) கிடைக்கும் அளவீட்டை நிறையாக மாற்றும்போது எத்தனை மடங்கு பிழை நுழைகிறது என்பது மூன்றாவது. மேகத்தின் திசைவேகம் கிடைக்குமா என்பது நான்காவது. எவ்வளவு பரப்பு ஏற்கெனவே அளக்கப்பட்டிருக்கிறது, தரவைப் பயன்படுத்த எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது கடைசி.

நான்காவது அளவுகோலைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். அதற்கு வலுவான காரணம் உண்டு. இந்த மண்டலம் நம் பார்வைக் கோட்டில் மிகவும் ஆழமானது. அதில் விண்மீன்களை உருவாக்கிவரும் வாயு, ஒன்றன் பின் ஒன்றாக, ஏறத்தாழ 5 கிலோபார்செக் இடைவெளியில் நிற்கும் இரண்டு தொகுதிகளாக இருக்கிறது என்று 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அணு ஹைட்ரஜனின் திசைவேகத்தையும் விண்மீன்கள் சிவந்து தெரியும் அளவையும் இணைத்துக் காட்டியது. திசைவேகம் இல்லாத படத்தில் இரண்டு தொகுதிகளின் மேகங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே மேகமாகத் தோன்றக்கூடும்.

முதல் வழி: கார்பன் மோனாக்சைடு

இது மரபான வழி. 115.27 கிகாஹெர்ட்ஸிலும் 230.54 கிகாஹெர்ட்ஸிலும் உள்ள கோடுகள் தரையிலிருந்தே எளிதாகக் கிடைக்கின்றன. சிலியின் லாஸ் காம்பனாஸில் இருந்த நகோயா பல்கலைக்கழகத்தின் 4 மீட்டர் நான்டென் தொலைநோக்கி 2.6 கலை பகுதிறனில் இரண்டு மகெல்லன் மேகங்களையும் அளந்தது. சிறிய மேகத்தின் தொலைவில் அது சுமார் 47 பார்செக். அந்தக் காலத்தில் ஒரு மேகமாகத் தெரிந்தது இன்று அல்மாவில் பல துண்டுகளாகப் பிரிகிறது. அல்மாவின் 7 மீட்டர் அலைவாங்கிகளால் மண்டலத்தின் வடபகுதி சுமார் 2 பார்செக் பகுதிறனில் அளக்கப்பட்டிருக்கிறது. 12 மீட்டர் அலைவாங்கிகளோடு 1 விகலை பகுதிறனுக்குப் போனால் 0.3 பார்செக் வரை இறங்கலாம்.

திசைவேகம் ஒவ்வொரு புள்ளியிலும் கிடைப்பது இதன் பெரிய வலிமை. மேகத்தின் உட்கொந்தளிப்பை, அது ஈர்ப்பால் கட்டுண்டதா என்பதை, முன்சொன்ன இரண்டு தொகுதிகளில் எதைச் சேர்ந்தது என்பதை எல்லாம் ஒரே தரவிலிருந்து சொல்ல முடியும். வேறு எந்த வழியும் இதை இந்த அளவுக்குத் தருவதில்லை.

அது எண்ணும் பொருள்தான் சிக்கல். ஹைட்ரஜன் மூலக்கூறுகள் புற ஊதாக் கதிரிலிருந்து தம்மைத் தாமே மறைத்துக்கொள்கின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு அந்த அளவு தற்காப்பு இல்லை, அது தூசை நம்பியே பிழைக்கிறது. தூசு குறைந்த இடத்தில் மேகத்தின் புறப்பகுதியில் உள்ள கார்பன் மோனாக்சைடு சிதைந்துவிடுகிறது. ஹைட்ரஜன் அப்படியே இருக்கிறது. எஞ்சுவது நடுவில் ஒரு சிறு கொட்டை. கார்பன் மோனாக்சைடு வரைபடம் காட்டுவது அந்தக் கொட்டையைத்தான், பழத்தை அல்ல.

கோட்டின் ஒளிர்வை நிறையாக மாற்றும் காரணி இதனால் தடுமாறுகிறது. தூசைக் கொண்டு மொத்த வாயுவை அளந்து ஒப்பிட்டவர்களுக்கு இந்தக் காரணி பால்வீதியின் மதிப்பைப்போல் பல பத்து மடங்காகக் கிடைத்தது. திசைவேகச் சிதறலைக் கொண்டு கார்பன் மோனாக்சைடு தெரியும் பகுதியை மட்டும் எடைபோட்டவர்களுக்குப் பால்வீதியின் மதிப்புக்கு அருகிலேயே கிடைத்தது. இரண்டும் சரி: முன்னது பழத்தின் எடை, பின்னது கொட்டையின் எடை. ஆய்வேட்டில் எதைச் சொல்கிறோம் என்று குறிப்பிடாமல் ஒரு காரணியை எடுத்துப் பெருக்கிவிடுவதுதான் இந்தத் துறையில் நான் மிகுதியாகக் காணும் பலவீனம்.

வேறு மறைமுகச் செலவுகளும் உண்டு. 230 கிகாஹெர்ட்ஸில் அல்மாவின் 12 மீட்டர் அலைவாங்கி ஒரு முறை பார்க்கும் வட்டம் சுமார் 25 விகலை. ஒரு சதுரப் பாகையை அத்தகைய வட்டங்களால் நிரப்ப, ஒன்றோடொன்று மேற்பொருந்தாமல் வைத்தாலே 25,000க்கும் மேல் தேவை. ஆகவே உயர்ந்த பகுதிறன் தரவு, யாரோ ஏற்கெனவே முக்கியம் என்று கருதிய இடங்களில்தான் இருக்கிறது. அந்தத் தெரிவின் சாய்வு உங்கள் பட்டியலிலும் வந்து சேரும். இன்னொன்று, அலைவாங்கிகளை இணைத்து அளக்கும் குறுக்கீட்டுமானி அகன்று பரவிய ஒளியைத் தவறவிடும். ஆவணத் தொகுப்பிலிருந்து ஒரு தரவைத் தரவிறக்கும் முன் ஒற்றை அலைவாங்கியால் எடுத்த மொத்த ஒளித் தரவும் அதோடு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். இல்லையென்றால் நிறையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நலம்.

அடர்ந்த பகுதியை மட்டும் காட்டும் ஹைட்ரஜன் சயனைடு போன்ற மூலக்கூறுகளைத் தேடலாமே என்றும் கேட்கிறார்கள். அவற்றின் கோடுகள் 89 கிகாஹெர்ட்ஸ் அருகில் உள்ளன. ஆனால் இங்கே மிக மங்கலானவை, அதிலும் நைட்ரஜன் குறைவான மண்டலம் என்பதால் ஹைட்ரஜன் சயனைடு இன்னும் மங்கல். தேடுவதற்கு அது கருவி அல்ல. கண்டுபிடித்த மேகத்தை ஆராயும்போது வேண்டுமானால் அதையும், அதைவிட இங்கு எடுப்பாகத் தெரியும் ஃபார்மைல் அயனியையும் பயன்படுத்தலாம்.

இரண்டாம் வழி: தூசின் சொந்த ஒளி

தூசு விண்மீன் ஒளியை விழுங்கிச் சூடேறி, தொலை அகச்சிவப்பில் அதை உமிழ்கிறது. 2009 மே மாதம் ஏவப்பட்டு 2013 ஏப்ரலில் ஹீலியம் தீர்ந்து கண்மூடிய ஹெர்ஷெல், தன் 3.5 மீட்டர் ஆடியால் இரண்டு மகெல்லன் மேகங்களையும் 100, 160, 250, 350, 500 மைக்ரான் ஆகிய ஐந்து அலைநீளங்களில் முழுமையாகப் படம்பிடித்தது. 250 மைக்ரானில் 18 விகலை, அதாவது சிறிய மேகத்தில் ஏறத்தாழ 5 பார்செக். 500 மைக்ரானில் 36 விகலை, அதாவது சுமார் 11 பார்செக். யாருடைய தெரிவும் இல்லாமல் மண்டலம் முழுவதும் ஒரே சீராக அளக்கப்பட்டிருப்பது இதன் முதல் சிறப்பு. கார்பன் மோனாக்சைடு சிதைந்துபோன புறப்பகுதியையும் காட்டுவது இரண்டாவது. தரவு முழுவதும் பொதுவில், பயன்படுத்தும் நிலையில், இருக்கிறது. கன்னியாகுமரியில் நின்றால்கூடத் தொடுவானத்துக்கு மேல் 9 பாகை உயரத்தைத் தாண்டி எழாத இந்த மண்டலத்தைச் சொந்தத் தொலைநோக்கியால் அளக்க வாய்ப்பில்லாத மாணவருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

எனினும் தூசின் ஒளி மேகத்தை மட்டும் காட்டுவதில்லை. பார்வைக் கோட்டில் உள்ள எல்லாத் தூசையும் காட்டுகிறது. அணு ஹைட்ரஜனோடு கலந்த தூசும் அதில் அடக்கம், இந்த மண்டலத்திலோ அணு ஹைட்ரஜன்தான் பெரும்பான்மை. மண்டலத்தின் தென்மேற்குப் பட்டையை 250 மைக்ரான் படத்தில் திறந்து பாருங்கள். பிரகாசமான முடிச்சுகள் வரிசையாகத் தெரியும். அதன்மேல் அணு ஹைட்ரஜன் வரைபடத்தை வைத்து, அதற்குரிய தூசு ஒளியைக் கழித்தால், சில முடிச்சுகள் அப்படியே நிற்கும், சில கரைந்துவிடும். நின்றவைதான் மூலக்கூறு மேகங்களுக்கான வேட்பாளர்கள். இந்தக் கழித்தலில் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது: ஆஸ்திரேலியாவின் ஆஸ்காப் தொலைநோக்கியின் அணு ஹைட்ரஜன் வரைபடத்தின் பகுதிறனே சுமார் 30 விகலைதான். 18 விகலைப் படத்தை அதற்கு ஏற்ப மங்கலாக்கிய பிறகே கழிக்க முடியும். ஹெர்ஷெல் தந்த நுட்பத்தில் ஏறக்குறைய பாதியை அங்கேயே இழந்துவிடுகிறோம்.

நிறைக் கணக்கு இரண்டு படிகளில் தள்ளாடும். முதற்படி வெப்பநிலை. 250 மைக்ரானில் ஒரு மேகத்தின் ஒளியை அளந்து, தூசு 25 கெல்வினில் இருப்பதாகக் கொண்டால் ஒரு நிறை கிடைக்கும். அதே ஒளிக்கு 20 கெல்வின் என்று கொண்டால் நிறை கிட்டத்தட்ட 1.9 மடங்கு கூடும். 500 மைக்ரானில் அதே 5 கெல்வின் வேறுபாடு 1.5 மடங்குதான் மாற்றும், ஆனால் அங்கே பகுதிறன் பாதி. போதாக்குறைக்கு, சிறிய மகெல்லன் மேகத்தில் 500 மைக்ரானில் எளிய தூசு மாதிரிகள் எதிர்பார்ப்பதைவிட ஒளி கூடுதலாகவே இருக்கிறது. இரண்டாம் படி, தூசிலிருந்து வாயுவுக்குப் போவது. பால்வீதியில் வாயு, தூசைப்போல் 100 முதல் 150 மடங்கு. பெரிய மகெல்லன் மேகத்தில் ஹெர்ஷெல் தரவிலிருந்து ஏறத்தாழ 380 என்று கிடைத்தது. சிறிய மேகத்தில் 1,200, அதன் மேல்பக்கப் பிழை எல்லையோ இரு மடங்கைத் தாண்டுகிறது. மேலும் வாயு அடர அடர, தூசுத் துகள்கள் வளர்ந்து இந்த விகிதம் குறைகிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. பரவிய வாயுவுக்குக் கிடைத்த விகிதத்தை அடர்ந்த மேகத்துக்கும் போட்டால் நிறை மிகையாகத்தான் வரும்.

இன்னொரு தொல்லை: 250 மைக்ரானிலும் அதற்கு மேலும், வெகுதொலைவில் உள்ள தூசு நிறைந்த விண்மீன் மண்டலங்கள் சிறு புள்ளிகளாகப் படம் முழுவதும் சிதறிக் கிடக்கும். தனித்து நிற்கும் ஒரு சிறு மேகத்தையும் அப்படிப்பட்ட ஒரு பின்னணி மண்டலத்தையும் ஹெர்ஷெல் படம் ஒன்றை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

மூன்றாம் வழி: விண்மீன் ஒளி மங்குவதைப் பார்த்தல்

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கருமேகங்களைத் தேடும் பழக்கம் பழையது; 1970களிலேயே பால் ஹாட்ஜ் இரண்டு மகெல்லன் மேகங்களிலும் கரும்படலங்களைப் பட்டியலிட்டார். இன்று அதன் வாரிசு இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஏறத்தாழ ஒரே ஒளிர்வும் நிறமும் கொண்ட செம்மஞ்சள் நிறப் பெருமீன்களை ஆயிரக்கணக்கில் அளந்து, எங்கே அவை சிவந்து மங்குகின்றன என்று பார்ப்பது ஒன்று. ஹபிள் தொலைநோக்கி தென்மேற்குப் பட்டையில் இதைச் செய்திருக்கிறது, தரையில் விஸ்டா தொலைநோக்கி அகன்ற பரப்பில் செய்திருக்கிறது. சூடான பின்னணி ஒளியில் கருநிழலாகத் தெரியும் மேகங்களை நடு அகச்சிவப்பில் தேடுவது இரண்டாவது.

பகுதிறனில் இதை வெல்ல எதுவும் இல்லை. ஜேம்ஸ் வெப் 2 மைக்ரானில் 0.07 விகலை வரை பிரிக்கும். இந்தத் தொலைவில் 0.02 பார்செக். 2023இல் வெளியான என்ஜிசி 346 விண்மீன் கொத்தின் படங்களில் தூசு இழைகள் முடிமுடியாகத் தெரிவதற்கு இதுவே காரணம். வெப்பநிலையை ஊகிக்க வேண்டியதில்லை என்பதும் ஒரு பெரிய வசதி.

ஆனால் படம் அழகாக இருப்பதாலேயே மாணவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கிறார்களோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர செ.மீ. பரப்புக்குப் பின்னால் 2×10²² ஹைட்ரஜன் அணுக்கள் கொண்ட மேகம், பால்வீதியில் கண்ணுக்குத் தெரியும் ஒளியை 10 ஒளியளவுக்கு மேல், அதாவது பத்தாயிரம் மடங்குக்கு மேல், மங்கச்செய்து, வானத்தில் ஓட்டை விழுந்ததுபோல் கருமையாக நிற்கும். சிறிய மகெல்லன் மேகத்தின் பட்டையில் அதே வாயு 1.5 ஒளியளவுதான், அதாவது ஏறத்தாழ 4 மடங்குதான், மங்கச்செய்யும். அது கருமேகமே அல்ல. வெறும் சற்றுச் சிவந்த இடம். நடு அகச்சிவப்பில் நிலைமை இன்னும் மோசம். பால்வீதியில் அந்தப் பின்னணி ஒளியைத் தருபவை கார்பன் வளையங்களாலான பல்வளைய நறுமணச் சேர்மங்கள். சிறிய மேகத்தில் அவை மிகவும் குறைவு, இருப்பவையும் மூலக்கூறு மேகங்களை ஒட்டியே கூடுதலாகத் தென்படுகின்றன. நிழலாக விழ வேண்டிய இடமே ஒளிரும்போது எதை நிழல் என்று எடுப்பது?

மண்டலத்தின் ஆழமும் குறுக்கே நிற்கிறது. மேகம் பெரும்பாலான விண்மீன்களுக்கு முன்னால் இருந்தால் எல்லாம் சிவக்கும், பின்னால் இருந்தால் எதுவும் சிவக்காது. ஒரே நிறையுள்ள இரண்டு மேகங்களில் ஒன்று பட்டியலில் ஏறும், மற்றது தப்பும். மண்டலத்தின் முப்பரிமாண அமைப்பை ஆராய்பவருக்கு இதுவே தகவல். மேகங்களை எண்ணுபவருக்கு இது ஓட்டை.

நான்காம் வழி: அயனிக் கார்பன்

சிதைந்த கார்பன் மோனாக்சைடின் கார்பன் எங்கே போகிறது? அயனியாகி 158 மைக்ரானில் ஒளிர்கிறது. கொட்டையைச் சுற்றியுள்ள பழத்தைக் காண இதைவிட நேரான வழி இல்லை. ஆனால் பூமியின் வளிமண்டலம் இந்த அலைநீளத்தை விடுவதில்லை. ஹெர்ஷெல் அளந்தது சில தெரிந்தெடுத்த பகுதிகளை மட்டுமே. போயிங் 747 விமானத்தில் பறந்த சோஃபியா தொலைநோக்கி 2022 செப்டம்பரில் ஓய்ந்தது. 2023 டிசம்பர் 31 அன்று அண்டார்ட்டிகாவில் ஏவப்பட்ட கஸ்டோ பலூன் அளந்தவற்றில் பெரிய மகெல்லன் மேகம் உண்டு, ஆனால் நாம் பேசும் மண்டலத்துக்கு அது உதவாது. தவிர, அணு வாயுவும் அயனி வாயுவும்கூட இந்தக் கோட்டை உமிழும். தேடும் முறையாக இதைக் கருத வேண்டாம். அளக்கப்பட்ட இடத்தில் உங்கள் மேகம் இருந்தால் அது நல்வாய்ப்பு.

ஒரே பார்வையில்

| வழி | எதை எண்ணுகிறது | சிறிய மேகத்தில் பகுதிறன் | திசைவேகம் | முக்கியமான மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| கார்பன் மோனாக்சைடு | மறைப்புள்ள உட்கரு | 2 பார்செக். சில இடங்களில் 0.3 | உண்டு | மாற்றுக் காரணி. தெரிந்தெடுத்த இடங்கள் மட்டும் |
| தூசின் ஒளி | பார்வைக் கோட்டின் மொத்தத் தூசு | 5 முதல் 11 பார்செக் | இல்லை | அணு ஹைட்ரஜனைக் கழித்தல்; வெப்பநிலை; பின்னணி மண்டலங்கள் |
| ஒளி மங்கல் | விண்மீன்களுக்கு முன் உள்ள தூசு | தனி விண்மீன் அளவில் 0.02 பார்செக், வரைபடமாக்கினால் விண்மீன் நெருக்கத்தைப் பொறுத்தது | இல்லை | மண்டலத்தின் ஆழம், மேகங்கள் போதிய கருமை இல்லாமை |
| அயனிக் கார்பன் | கார்பன் மோனாக்சைடு இல்லாத உறை | சில பார்செக் | சில தரவில் உண்டு | பரப்பு மிகக் குறைவு. இப்போது புதிதாக அளக்க வழி அரிது |

எந்தச் சூழலில் எது

மண்டலம் முழுவதற்கும் ஒரு பட்டியல் வேண்டும், மேகங்களின் நிறைப் பரவலை ஆராய வேண்டும் என்றால் தூசு ஒளியில் தொடங்குங்கள். அணு ஹைட்ரஜனைக் கழித்த பிறகு நிற்கும் முடிச்சுகளைப் பட்டியலிட்டு, அவற்றில் எவற்றுக்கு அல்மா தரவு இருக்கிறது என்று பாருங்கள். கார்பன் மோனாக்சைடு தென்பட்டால் பின்னணி மண்டலம் என்ற ஐயம் தீரும், திசைவேகமும் கிடைக்கும். தென்படாவிட்டால், தரவின் உணர்திறன் போதுமானதாக இருக்கும் பட்சத்தில், அந்த மேகம் இன்னும் சுவையானது. தனி ஒருவர் ஓராண்டில் முடிக்கக்கூடிய வேலை என்று நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஒரு மேகம் ஈர்ப்பால் சரிகிறதா, அதன் உள்ளே கொந்தளிப்பு எப்படி இருக்கிறது என்பது கேள்வியானால் கார்பன் மோனாக்சைடுதான்; வேறு பேச்சுக்கு இடமில்லை. அப்போது முழு மண்டலத்தைப் பற்றிய முடிவு எதையும் எழுதாமல், அளந்த பகுதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பிறந்துகொண்டிருக்கும் விண்மீன்களும் அவற்றைச் சுற்றியுள்ள தூசும்தான் ஆர்வம் என்றால் ஜேம்ஸ் வெப் படங்களை எடுக்கலாம். ஆனால் கருவிண்மீன்கள் உள்ள இடங்களை மேகங்களின் அடையாளமாகக் கொள்ளும் பட்டியலில், இன்னும் விண்மீன் பிறக்காத மேகம் ஒன்றுகூட இருக்காது. அடர்ந்த குளிர்ந்த மேகத்தைத் தேடிப் புறப்பட்டவர் தவறவிடக் கூடாதது அதைத்தான்.

மண்டலத்தை மாற்றினால் தெரிவும் மாறும். பெரிய மகெல்லன் மேகம் 50 கிலோபார்செக்கில், சூரியனைப்போல் பாதி உலோகச்செறிவோடு இருக்கிறது. அங்கே கார்பன் மோனாக்சைடு மேகத்தைப் பெருமளவு நேர்மையாகவே காட்டுகிறது, நான்டென் பட்டியலிட்ட 272 மேகங்களும் அவற்றைப் பின்தொடர்ந்து ஆஸ்திரேலியாவின் மோப்ரா தொலைநோக்கி 11 பார்செக் பகுதிறனில் எடுத்த வரைபடங்களும் கைவசம் உள்ளன. அங்கே நான் வரிசையை மாற்றி, கார்பன் மோனாக்சைடை முதலிலும் தூசைச் சரிபார்ப்புக்கும் வைப்பேன். மாறாக, ஏறத்தாழ 490 கிலோபார்செக்கில் உள்ள என்ஜிசி 6822க்குப் போனால் ஹெர்ஷெலின் 18 விகலை 43 பார்செக் ஆகிவிடுகிறது. ஒரு மெகாபார்செக்கை நெருங்கும் டபிள்யூஎல்எம் மண்டலத்தில் அது 86 பார்செக். தனி மேகத்தைக் காண அது பயன்படாது. டபிள்யூஎல்எம்மில் உலோகச்செறிவு சூரியனுடையதில் 13 விழுக்காடுதான் என்றபோதும், 2015இல் அல்மா அங்கே கார்பன் மோனாக்சைடு கொண்ட பத்துச் சிறு மேகங்களைப் பிரித்துக் காட்டியது. ஆரம் சராசரியாக இரண்டு பார்செக் அளவே. அத்தகைய மண்டலங்களில் தொடங்குவதற்கு அல்மாவைத் தவிர வேறு வழியில்லை. கிடைத்த நிறை கொட்டையின் நிறை என்பதை மட்டும் அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.